ரெண்டு கக்கூஸ் வச்ச போட்

விக்கிறதுக்கில்லன்னு சொல்லிட்டீங்க சார், காதுல விழுந்துச்சு. வாசல்லயே சொன்னீங்க, உள்ள வந்து உக்காந்ததும் இன்னொரு தடவை சொன்னீங்க. நான் ஒண்ணும் புடுங்கிட்டுப் போக வரல. நாளைக்குக் காலைல ஷ்யாம்சுந்தர்னு ஒரு புரோக்கர் எங்க வீட்டுக்கு அக்ரிமென்ட் எடுத்துக்கிட்டு வர்றான். எங்க வூட்டுக்காரரு அதுல கையெழுத்துப் போட்டுட்டாருன்னா, நானும் அவரும் அந்த வெள்ளை போட்டுலதான் இனிமே குடித்தனம். அதுலதான் அந்தமான், அதுலதான் மலேசியா. அது கடல் தாங்காது சார். எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு முன்னாடி கோவளத்துல சும்மா நிக்கிற உங்க பச்சை போட்டை எங்களுக்குக் குடுப்பீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். நான் பேசி முடிச்சப்புறமும் விக்கலன்னா விக்கலதான், செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடறேன்.

தண்ணி போதும். டீயெல்லாம் வேணாம், அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க. சரி, போட்டாச்சுன்னா குடுங்க, சக்கரை கம்மியா.

என்னைப் பாத்தா போட் வாங்கறவ மாதிரி தெரியலல்ல? எனக்கே தெரியல. மேற்குத் தாம்பரத்துல வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறேன் சார், இருபத்தஞ்சு வருஷமா. அவரு ஜெனரேட்டர் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னாடி ஒம்பது வருஷம் சரக்குக் கப்பல்ல, இன்ஜின் ரூம்ல எண்ணெய் போடற வேலை. ஒம்பது வருஷமும் கீழ இரும்புக்குள்ளயே கெடந்து வெந்துருக்காரு. கடல்மேல இருந்தாரே தவிர கடலைக் கண்ணால பாத்தது கம்மியாம். அதான் வினையே. கடையைப் பையன் தௌசிப் கையில குடுத்த மறுநாளே போனை எடுத்துக்கிட்டு உக்காந்தவருதான். ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் எந்திரிக்கல.

எல்லாம் அந்த வீடியோவால வந்தது. ஒரு வெள்ளைக்காரனும் ஒரு வெள்ளைக்காரியும் சின்னதா ஒரு பாய்மரப் படகுல ஊர் ஊரா போறாங்க. அவ எப்பப் பாத்தாலும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கிட்டே இருப்பா. இல்லன்னா காலை நீட்டிக்கிட்டுப் படுத்திருப்பா. அந்தப் பாத்திரத்தையெல்லாம் யாரு கழுவறான்னு ஒரு நாளாச்சும் காட்டணுமே? காட்டவே மாட்டாங்க. துணி எங்க காயுது, வாந்தி எங்க எடுக்கறாங்க, அதெல்லாம் கிடையாது. இவரு அதைப் பாத்துட்டு என்கிட்ட வந்து, ஹஃபி, நாம ஏன் இப்படி இருக்கக்கூடாதுங்கறாரு. அம்பத்தஞ்சு வயசுல. எனக்கு முட்டி வலி, அவருக்கு முன்பல் ரெண்டு கட்டுனது.

சிரிங்க, பரவால்ல. எங்க மருமக ரூக்சார் சிரிக்கல. போயிட்டு வாங்க மாமி, மேல் ரூம்ல நான் டியூஷன் வச்சுக்கறேன்னு அளவெடுக்கவே ஆரம்பிச்சுட்டா. ச்சீ, எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

அப்புறம் போட் பாக்க ஆரம்பிச்சோம். பொண்ணு பாக்கப் போவாங்களே, அதே மாதிரிதான் சார். இவரு நல்ல சட்டை போட்டுக்குவாரு, நான் நல்ல புடவை. போய் உக்காருவோம், டீ குடுப்பாங்க, பிஸ்கட் குடுப்பாங்க, போட்டைப் பத்தி ஆஹா ஓஹோன்னு சொல்லுவாங்க. நாங்க எல்லாத்தையும் தின்னுட்டு, வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்னு எந்திரிச்சு வந்துடுவோம். புதுச்சேரி, கொச்சி, கோவா வரைக்கும் போனோம். பதினோரு போட். ஒண்ணுல எலி குட்டி போட்டிருந்துச்சு. ஒண்ணுல ஒருத்தன் கோழி வளத்துக்கிட்டு இருந்தான் சார், உள்ள, படுக்கற எடத்துல. அந்த நாத்தம் என் பர்தாவை விட்டுப் போக மூணு துவைப்பு ஆச்சு. இன்னொண்ணு வெளிய வழவழன்னு இருந்துச்சு, உள்ள மூடியத் தொறந்தா முட்டியளவு கறுப்புத் தண்ணி. என்னாங்க இதுன்னு கேட்டா, அது சும்மா மழைத் தண்ணி மேடம்ங்கறான். நக்கிப் பாத்தேன். உப்பு. அவன் மூஞ்சியப் பாக்கணுமே.

ஆமா, நக்கித்தான் பாத்தேன். பின்ன எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒவ்வொரு போட்டுக்கும் நான் ஒரு குறை சொல்லுவேன் சார். அதுல எனக்குக் கை தேர்ந்துடுச்சு. ஃபிரிட்ஜ் இல்ல. கக்கூஸ் இல்ல, பக்கெட்டுதான் இருக்கு. கக்கூஸ் இருந்தா, கையால பம்ப் அடிச்சுத் தள்ளணும், ராத்திரில நான் அடிக்க மாட்டேன். படுக்கை ஒடுக்கமா இருக்கு, பொணப்பெட்டி மாதிரி. உள்ள இருட்டு. நமாஸ் பண்ண எடம் எங்கன்னு கேட்டேன் ஒரு தடவை. இவரு போய் எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டயே கேட்டுட்டு வந்தாரு, போட் திரும்பிக்கிட்டே இருக்குமே, தொழ நிக்கிற கிப்லா தெசைக்கு என்ன பண்றதுன்னு. அவரு, தொடங்கும்போது சரியாப் பாத்து நில்லுங்க, மிச்சம் அவன் பாத்துக்குவான்னுட்டாரு. அந்தக் குறையும் போச்சு.

இவரு ஒரு வார்த்தை கோவப்பட மாட்டாரு. நான் சொல்ற குறையெல்லாம் சின்ன நோட்டுல எழுதி வச்சுக்குவாரு.

ஒரு மே மாசம் என்ன பண்ணாரு தெரியுமா? எங்க மொட்டை மாடில சாக்பீஸால ஒரு போட் வரைஞ்சாரு. நெஜ அளவுல. இருபத்தெட்டு அடி நீளம், ஒம்பது அடி அகலம். இங்க அடுப்பு, இங்க படுக்கை, இங்க கக்கூஸ், இங்க சுக்கான் புடிக்கறவரு உக்கார்ற எடம். ஒரு வாரம் நாம இதுக்குள்ளயே இருந்து பாப்போம் ஹஃபி, எடம் பத்துதான்னு தெரிஞ்சுடும்ங்கறாரு. நானும் பேஜார் தாங்க முடியாம சரின்னேன். கேஸ் அடுப்பு மேல போச்சு. தார்ப்பாய் கட்டுனாரு. மேற்குத் தாம்பரம் வெயில்ல, மொட்டை மாடில, சாக்பீஸ் கோட்டுக்குள்ள குந்திக்கிட்டு நான் பருப்பு வேக வைக்கிறேன். எதிர் வீட்டு ஆஷா டீச்சர் துணி காயப் போட வந்தவங்க, பக்கெட்டை அப்படியே வச்சுட்டு நின்னுட்டாங்க. மூணாம் நாள் மழை வர்ற மாதிரி இருட்டிடுச்சு, கொடியில கெடந்த கஸ்டமர் பிளவுஸை எடுக்க ஓடுனேன். பின்னாடியிலேர்ந்து, நீ கடல்ல விழுந்துட்டங்கறாரு! விழுந்தா விழுந்துட்டுப் போறேன்னு நான் கீழ எறங்கி என் கட்டில்ல படுத்துட்டேன். அவரு மழை வந்து கோடெல்லாம் அழியற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாரு.

வெக்கமா இருந்துச்சு சார். அசிங்கமா இருந்துச்சு. தெருவுல எல்லாரும் கேப்டன் வூடுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, வெள்ளை போட்டுக்கு வர்றேன். டீ நல்லா இருக்குக்கா.

முந்தா நேத்து பாத்தோம். கோவளத்துல, உங்க போட் நிக்கிற யார்டுக்குப் பக்கத்துலயே, அடுத்த ஷெட்டு. முப்பத்தாறு அடி. ஏதோ ரிசார்ட்டுக்காரங்க சாயங்காலம் பார்ட்டி வைக்கிறதுக்கு வச்சிருந்ததாம். வெளிய புதுசாப் பெயின்ட் அடிச்சு நிக்குது, கல்யாண மண்டபம் மாதிரி. ஏணில ஏறுனதும் நீல லைட்டு எரியுது. ஷ்யாம்சுந்தர் ஒரு பட்டனை அழுத்தறான், பாட்டு பாடுது. இன்னொண்ணை அழுத்தறான், தரைல லைட்டு எரியுது. பாத்துக்குங்க மேடம், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், ஏசி, ரெண்டு டாய்லெட், ரெண்டும் பட்டன்தான், பம்ப் அடிக்கவே வேணாங்கறான். ரெண்டு கக்கூஸ் சார்! எங்க வீட்டுலயே ஒண்ணுதான். கடல் நடுவுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போகணும்னு யாரு அழுதா?

நான் மெத்தையில உக்காந்தேன். மேல உறை புதுசு. நான் தையக்காரி சார், உறையைப் பாத்தா விட மாட்டேன். ஜிப்பைத் தொறந்து உள்ள கையை விட்டேன். அய்யே. உள்ள இருக்கற ஸ்பான்ஜு பழசு. கருப்பா, வழுவழுன்னு. பீர் நாத்தம், வாந்தி நாத்தம், அதுக்கு மேல ரோஸ் சென்ட் அடிச்சிருக்கான். இத்தனை வருஷமா எவன் எவனோ குடிச்சுட்டுப் புரண்ட மெத்தை. அதுல நான் தலை வச்சுப் படுக்கணுமாம்.

அது போகட்டும், மெத்தையை மாத்திக்கலாம். பாய்த்துணியைப் பாத்தேன். துணி கெட்டியாத்தான் இருந்துச்சு. தையலைப் பாத்தேன். வெயில் பட்டுப் பட்டு நூல் செத்துடுச்சு சார். கட்டை வெரல் நகத்தால இப்படி ஒரு இழு இழுத்தேன், பட்டுபட்டுன்னு அஞ்சாறு தையல் தெறிச்சுப் போச்சு. நகத்துக்கே தாங்காத தையல் காத்துக்கு எப்படித் தாங்கும்? அவன், மேடம் மேடம் கிழிச்சுடாதீங்கங்கறான். துணி கிழியறது வேற, தையல் விடறது வேற. எனக்கா சொல்லித் தர்றான்?

அப்புறம் நடந்து பாத்தேன். முன்பக்கம், பாய்மரம் நிக்குதே, அது பக்கத்துல கால் வச்சா தரை மெத்துன்னு அமுங்குது. டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி. ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவுல மரம் வச்சிருப்பாங்களே, அது உள்ள தண்ணி குடிச்சு ஊறிப் போயிருக்கு. பையிலேர்ந்து கத்திரிக்கோலை எடுத்து அதோட புடியால தட்டிக்கிட்டே போனேன். நல்ல எடத்துல டக்கு டக்குன்னு கேக்கும். இங்க தொப்பு தொப்புங்குது. பாய்மரத்தை ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சிருக்கற கம்பி வந்து மாட்டற தகடு இருக்கே, அதுக்குக் கீழ வெத்தல எச்சி வழிஞ்ச மாதிரி செவப்பா துரு. அதுமேலயும் பெயின்ட் அடிச்சிருக்கான், பாவி. கீழ எறங்கி அடியிலயும் பாத்தேன். அடியில தொங்குற பாரம், கீல், அது உடம்போட சேர்ற எடத்துல கோடு விட்டு இளிக்குது. எங்கயோ மணல்ல கொண்டுபோய் நல்லா மோதியிருக்கானுங்க.

எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, ஆறு வருஷமா ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதானே சார் தொட்டுக்க? அவரு பேசப் பேச நான் காதுல வாங்காத மாதிரிதான் இருப்பேன். எல்லாம் உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

அவரு எங்க போனாருன்னு கேக்கறீங்களா? இன்ஜினைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இன்ஜின் புதுசு. மெக்கானிக்கு வேற எதைப் பாப்பாரு? குனிஞ்சவரு நிமிரல. மேல வந்தவரு மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. நான் சொன்னேன். தையல் விடுதுங்க, தரை அமுங்குது, தகடு துரு, கீல் விட்டிருக்கு, இது வேணாம்னேன்.

அவரு பாக்கெட்டுலேர்ந்து அந்த நோட்டை எடுத்தாரு சார். நான் சொன்ன குறையெல்லாம் எழுதுன நோட்டு. ஒண்ணொண்ணா படிச்சாரு. ஃபிரிட்ஜ் கேட்ட, இருக்கு. கக்கூஸ் கேட்ட, ரெண்டு இருக்கு. பம்ப் அடிக்க மாட்டேன்ன, பட்டன் இருக்கு. படுக்கை அகலம் வேணும்ன, இருக்கு. வெளிச்சம் வேணும்ன, பாரு எப்படி எரியுதுன்னு. இது எனக்குப் புடிச்ச போட் இல்ல ஹஃபி, உனக்காகப் பாத்ததுன்னாரு. இப்ப தையல்ங்கற. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவ. பதினோரு போட்டுக்கும் சொல்லிட்ட, போதும்னாரு. கத்தல. கத்தியிருந்தாக்கூட தேவலாம்.

அவ்வளவுதான் சார் விஷயம். எதுவுமே இல்லாதப்ப ஆயிரம் குறை சொன்னேன், எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. நெஜமா ஓட்டையைப் பாத்துட்டு சொல்றேன், அது நோட்டுல ஏறல. என் வாயால கேட்டுக் கேட்டு நானே செஞ்ச போட் மாதிரி நிக்குது அது. பாட்டு பாடிக்கிட்டு. த்தூ.

போகாம இருந்துடலாமேன்னா? எப்படி இருக்கறது? நான் வரலன்னா அவரு தனியாப் போயிடுவாரு. இந்த மனுஷன் தனியா அதுல போயி, ராத்திரி காத்துல தையல் விட்டு, அந்தக் கம்பி தகட்டோட புடுங்கிக்கிட்டு... நான் இங்க கட்டில்ல படுத்துக்கிட்டு பிளவுஸுக்குக் கொக்கி வைக்கணுமா? செத்தா ரெண்டு பேரும் சாவோம்னு வசனம் பேச வரல நான். சாகாத போட் ஒண்ணு குடுங்கன்னு கேக்க வந்திருக்கேன்.

உங்க போட்டுல என்ன பெருசா இருக்குன்னு கேக்கறீங்க பாருங்க, அதான் எனக்குச் சிரிப்பா இருக்கு. பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. தவளை மாதிரி. பச்சைப் பெயின்ட்டும் எங்க ஸ்கூல் பெஞ்சு கலரு. பாட்டு பாடாது, ஏசி கிடையாது. ஆனா கீல் தனியா போல்ட் போட்டு மாட்டுனது இல்லையே, உடம்போட ஒண்ணா வார்த்தது. கழண்டு விழ அங்க ஒண்ணும் இல்ல. சுக்கான் கீலுக்குப் பின்னாடி ஒதுங்கி நிக்குது, மரக்கட்டை கிட்டை மோதுனாலும் கீல் வாங்கிக்கும். தகடெல்லாம் நீங்க கழட்டிப் புதுசு மாட்டியிருக்கீங்க. பாய்த்துணிக்கு உறை போட்டு, வெயில் படாம வச்சிருக்கீங்க. எறங்கற படி மூணு, மூணுலயும் கால் நெறையா பதியும். உள்ள அடுப்பு, போட் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அது மட்டும் சமமா நிக்குமாம், கொழம்பு சிந்தாதாம். அடுப்புக்கு முன்னாடி ஒரு பெல்ட்டு கூட இருக்காமே, இடுப்புல மாட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வேலை செய்யலாம்னு. நீங்க அந்தமான் போயிட்டு வரச்சே அக்கா அதை மாட்டிக்கிட்டுத்தான் ஆப்பம் சுட்டாங்களாம்.

யாரு சொன்னாங்களா?

அவருதான் சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு. உங்க போட்டுக்குள்ள அவரு மூணு தடவை வந்திருக்காரு சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. சௌகத் அலி.

ஆமா. அதே சௌகத் அலிதான்.

இல்ல சார். சாகல.

உக்காருங்க. அக்கா, நீங்களும் உக்காருங்க, அந்தத் தட்டைக் கீழ வைங்க. போன் பண்ணி அவரு மௌத்தாயிட்டாருன்னு சொன்னது நான்தான். அந்தப் பதினோரு போட்டுலயும் குறை இருந்துச்சு, சொன்னேன், விட்டுட்டாரு. உங்க போட்டைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு அவரு நோட்டை எடுக்கவே இல்ல. என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறேன்னு கூப்புட்டாரு, தலைவலின்னு போகல. போனா எனக்கும் புடிச்சுடுமோன்னு பயம். இந்த போட்னா இந்த மனுஷன் நெஜமாவே கெளம்பிடுவாருன்னு தெரிஞ்சு போச்சு. அவரு தொழுகைக்குப் போன நேரமா அவரு போன்லேர்ந்து உங்களுக்கு அடிச்சேன். அவருக்கு வேணாமாம் சார்னு சொன்னேன். நீங்க அதோட விட்டிருக்கலாம்ல? பரவால்லம்மா, அவரு நிதானமா யோசிக்கட்டும், எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்குன்னு வச்சிருப்பேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னீங்க. உடம்பு சரியில்லன்னேன். தேறி வரட்டும்னீங்க. நான் எந்தப் பக்கம் போனாலும் நீங்க நல்லவரா வந்து நிக்கிறீங்க. அப்ப வாய்ல வந்துடுச்சு. அவரு மௌத்தாயிட்டாரு சார், ரெண்டு நாள் ஆச்சுன்னுட்டேன். அதுவரைக்கும் எனக்கே தெரியாது அப்படிச் சொல்லுவேன்னு. உங்க நம்பரையும் அழிச்சுட்டேன். அவருகிட்ட, போட் கொச்சிக்காரனுக்கு வித்துப் போச்சாம்னு சொல்லிட்டேன். வித்தவருகிட்ட போய் இன்னும் என்ன பேச்சுன்னும் சேத்து சொன்னேன். அவரு ரோஷக்காரரு, அப்புறம் உங்களைக் கூப்புடவே இல்ல.

அடுத்த வாரம் உங்க லெட்டர் வந்துச்சு, அதுல இருந்த அட்ரஸை வச்சுத்தான் இன்னிக்கு வந்தேன். திருமதி சௌகத் அலி அவர்களுக்குன்னு. நீங்களும் அமலராணி அக்காவும் கையெழுத்துப் போட்டு, சபையில ஜெபம் பண்ணோம்னு எழுதி. உள்ள என் பாவாடை நாடா ஒண்ணு மடிச்சு வச்சிருந்துச்சு. உங்க கணவர் அடுப்புகிட்ட விட்டுட்டுப் போனது, உங்க முழங்கை உசரத்துக்கு ஒரு முடிச்சு, தலை உசரத்துக்கு ஒரு முடிச்சு போட்டு எடுத்துக்கிட்டு வந்து, எங்க வீட்டம்மாவுக்கு இந்த அடுப்பு எட்டுமான்னு அளந்து பாத்தாரு, உங்ககிட்டயே இருக்கட்டும்னு அனுப்பிச்சோம்னு எழுதியிருந்தீங்க. அந்த நாடாவைக் காணோம்னு நான் வீடு பூரா தேடிக்கிட்டு இருந்தேன் சார்.

அந்த ஸ்பான்ஜுக்குள்ள கைய விட்டேன்னு சொன்னேனே, அதெல்லாம் ஒரு அருவருப்பே இல்ல. கழுவுனா போயிடும்.

முந்தா நேத்து அந்த ஷெட்டுலேர்ந்து வெளிய வந்தா, எதுக்க உங்க போட் நிக்குது. விக்காம. இவரு ஷ்யாம்சுந்தரோட உள்ள பேசிக்கிட்டு இருக்காரு, ஒரு அம்பது அடிதான். காவலுக்கு இருக்காரே துரை, அவர்கிட்ட மெதுவா, இது யாருதுன்னேன். தனசிங் சாருது, விக்க மாட்டாரும்மா, வாங்க வந்தவரு செத்துட்டாரு, பாவம், அதுலேர்ந்து யாருக்கும் காட்டாம கெடக்குது, சாரு மட்டும் மாசா மாசம் வந்து தொடச்சுகினு போறாருன்னாரு. செத்தவரு உள்ள இன்ஜின் எத்தனை குதிரைசக்தின்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. எனக்குத் தலை சுத்தறதுன்னு சொல்லி, அவரு கண்ணுல உங்க போட் படாம, வந்த பின்பக்க வழியாவே ஆட்டோவுல ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அதுவும் பொய்தான். ஆனா அப்ப நெஜமாவே சுத்துச்சு.

மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியல சார். ஒருத்தரைச் சாகடிச்சதுக்கு என்ன சொல்லிக் கேக்கறது? போட் குடுக்க வேணாம்னா குடுக்காதீங்க. ஆனா அந்த வெள்ளை போட் வேணாம்னு அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நீங்க சொன்னா கேப்பாரு. நான் சொன்னா நோட்டை எடுப்பாரு.

இப்ப வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன். சிட்லபாக்கம் ஏரிகிட்ட கஸ்டமர் வீடு, பிளவுஸ் குடுக்கப் போறேன், பதினொண்ணரைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போங்கன்னு காலைலயே சொல்லிட்டேன். கடைசி நேரத்துல நான் பயந்துக்கிட்டு ஓடிடக்கூடாதுன்னு. உங்களைப் பாப்பாருன்னு அவருக்குத் தெரியாது. அவரு செத்துட்டாருன்னும் அவருக்குத் தெரியாது.

கேக்குதா? வாசல் கேட்டுகிட்ட ஹாரன். ரெண்டு தடவை சின்னதா அடிப்பாரு, அவருதான். அக்கா, பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்காரு, சுகர்கூட இல்ல. சார், நீங்க போய்க் கதவைத் தொறங்க. நான் தொறந்தா மறுபடியும் ஏதாச்சும் சொல்லிடுவேன்.